சாட்ஸ்வர்த், எடன்சர் பக்கம் அம்மா அப்பாவைக் கூட்டிப்போக ஏற்ற லேசான நடை எது?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசி வாரம் அம்மாவும் அப்பாவும் மதுரையிலிருந்து ஷெஃபீல்டுக்கு வருகிறார்கள். இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள சாட்ஸ்வர்த் மாளிகையையும் பக்கத்து எடன்சர் கிராமத்தையும் ஒரே நாளில் நடந்தே காட்ட வேண்டும். அப்பாவுக்கு 71 வயது, தினமும் 4 கிலோமீட்டர் நடக்கிறவர். அம்மாவுக்கு 66. சமதளம் என்றால் நடப்பார், இறக்கத்திலும் படியிலும் முழங்கால் பிடித்துக்கொள்ளும். கூடவே 2 வயதுக் குழந்தை, தள்ளுவண்டியில்.

கார் கிடையாது. வரைபடத்தைப் பார்த்தால் பூங்கா முழுக்கப் பச்சைக் கோடுகளாக ஓடுகின்றன. எது சமதளம், எங்கே வேலிப் படி ஏற வேண்டியிருக்கும், எங்கே வண்டி மாட்டும் என்று தெரியவில்லை. பூங்காவில் நடப்பதற்கே டிக்கெட் வாங்க வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆற்றோர நடையன்:

டிக்கெட் மாளிகைக்கும் அதைச் சுற்றியுள்ள தோட்டத்துக்கும்தான். ஆற்றின் இரு கரையிலும் விரிந்து கிடக்கும் பூங்கா ஆண்டு முழுதும் திறந்தே இருக்கும், நடக்கக் காசு இல்லை. காரில் வருகிறவர்கள்தான் நிறுத்துமிடத்துக்குக் கட்ட வேண்டும். உங்களுக்கு அதுவும் இல்லை.

உங்கள் கூட்டத்துக்கு நான் சொல்வது ஒரே பாதை: மாளிகையில் தொடங்கி பாஸ்லோ கிராமத்தில் முடிவது. ஷெஃபீல்டிலிருந்து பேக்வெல் போகும் 218 பஸ் பாஸ்லோ வழியாக மாளிகை வரை வருகிறது. பலரும் பாஸ்லோவிலேயே இறங்கி மாளிகைக்கு நடந்துவிட்டு, அதே வழியில் திரும்புவார்கள். நீங்கள் பஸ்ஸில் மாளிகை வரை போய்விடுங்கள். அங்கிருந்து வடக்கே பாஸ்லோவுக்கு ஒரு வழி மட்டும் நடந்தால் போதும். தூரம் பாதியாகிவிடும். மதியத்துக்கு மேல் நடந்தால் வெயில் முகத்தில் அடிக்காது. முடிகிற இடத்தில் டீக்கடை, கழிப்பறை, பஸ் நிறுத்தம் மூன்றும் பக்கம்பக்கமாக இருக்கின்றன. கால் ஓய்ந்த நேரத்தில் அதுதான் தேவை.

பாதை இப்படி. பஸ் இறங்கியதும் மாளிகையை முதுகுக்குப் பின்னால் விட்டு ஆற்றை நோக்கி இறங்குங்கள். டர்வென்ட் ஆற்றின் மேல் மூன்று வளைவுள்ள கல்பாலம் தெரியும். 1760களில் கட்டடக்கலைஞர் ஜேம்ஸ் பெய்ன் கட்டியது. பாஸ்லோவுக்கு நேராகப் போவதாக இருந்தால் பாலத்தைக் கடக்கவே கூடாது. அதற்கு முன்பே வலது பக்கம் திரும்பி, ஆற்றின் கிழக்குக் கரையிலேயே வடக்கே போக வேண்டும். அகழி சூழ்ந்த மேடை ஒன்று வரும், அதற்குப் படிக்கட்டும் உண்டு. அதுதான் மேரி அரசியின் மேடை. ஸ்காட்லாந்து அரசி மேரி 1569க்கும் 1584க்கும் இடையே பலமுறை இங்கே காவலில் வைக்கப்பட்டவர். அதைத் தாண்டினால் கிரிக்கெட் மைதானம், பிறகு பூங்காவின் வடக்குக் கதவு, பிறகு ஓடைப் பாலம், பாஸ்லோ. பாலத்தடியிலிருந்து 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெரும்பகுதி கெட்டிப்படுத்திய தடம், ஏற்றம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஆற்றோடு சேர்ந்து போவதால் வேலிப் படியும் கிடையாது.

தள்ளுவண்டியோடு வருகிறவர்களுக்கு அந்த வடக்குக் கதவுதான் பெரிய நிம்மதி. இந்த நாட்டு மேய்ச்சல் நிலங்களில் பெரும்பாலும் இருப்பது கிஸ்ஸிங் கேட். அரைவட்டக் கூண்டுக்குள் ஒரு கதவு ஆடும். உள்ளே நுழைந்து, மூலையில் ஒதுங்கி, கதவை நம்மைக் கடந்து பின்னால் தள்ளிவிட்டுத்தான் வெளியே வர முடியும். ஆடு மாடுகளுக்கு அந்த வித்தை வராது, அதனால் கதவைத் தாழிட மறந்தாலும் கவலையில்லை. ஆனால் சாதாரணக் கூண்டில் ஆள் ஒதுங்கத்தான் இடம் இருக்கும், வண்டிக்கு இருக்காது. குழந்தையை இறக்கி, வண்டியை மடித்து, கதவுக்கு மேலே தூக்கிக் கொடுக்க வேண்டும். பாஸ்லோ பக்கத்துக் கதவு அப்படியில்லை. சக்கர நாற்காலியும் அதைத் தள்ளுகிறவரும் சேர்ந்து நுழைந்து வெளிவரும் அளவுக்குக் கூண்டைப் பெரிதாகச் செய்திருக்கிறார்கள். ஒற்றைக் குழந்தை வண்டி தாராளமாகப் போகும்.

எடன்சரும் பார்க்க வேண்டுமென்றால் முதலில் பாலத்தைக் கடந்து மேற்கே போய்விட்டுத் திரும்பி வாருங்கள். பாலத்திலிருந்து சுமார் 1 கிலோமீட்டர். சரளைக்கல் பாதை ஒரு சின்ன மேட்டில் ஏறி இறங்கும், வழுவழுப்பு இல்லை. அம்மா அந்த இறக்கத்தில் மட்டும் நிதானமாக வரட்டும். கிராமத்துக்கு முன் பி6012 சாலையைக் கடக்க வேண்டும். சமிக்ஞை விளக்கு எதுவும் கிடையாது, பூங்கா என்று நினைத்துக் கார்கள் மெதுவாக வரும் என்று நம்பவும் வேண்டாம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர். இந்தக் கூட்டத்துக்கு உட்கார்ந்து எழுந்து 3 மணி நேரம் ஆகும்.

கொக்குவில் காற்று:

மேல சொன்ன பாதை நல்ல பாதைதான். நான் தெற்குப் பக்கத்தைப் பற்றிச் சொல்லுறன், இன்னொரு நாள் கார் வாடகைக்கு எடுத்தால் உதவும்.

கால்டன் லீஸ் எண்ட இடத்தில கார் நிற்பாட்டலாம், காசு கட்ட வேணும். பக்கத்திலேயே செடி விக்கிற பெரிய கடை இருக்கு, தேத்தண்ணியும் கழிப்பறையும் அங்க கிடைக்கும். அங்கயிருந்து கொஞ்சம் இறங்கினால் ஆற்றின்ர மேற்குக் கரை. இடிஞ்சுபோன பழைய மாவாலை ஒண்டு கரையில நிக்கும். அதுவும் அதே ஜேம்ஸ் பெய்ன் கட்டினதுதான். 1962ஆம் ஆண்டுப் புயலில மரம் விழுந்து உடைஞ்சது, அப்பிடியே விட்டிட்டினம். அங்கயிருந்து கல்பாலம் மட்டும் 2 கிலோமீட்டர் வரும், முழுக்கப் புல்லுத்தரை. மாளிகையின்ர முகப்பு ஆற்றுக்கு அங்கால விரிஞ்சு கிடக்கிற காட்சி இந்தப் பக்கத்தில இருந்துதான் வடிவு.

ஆனால் தள்ளுவண்டிக்கு இது சரிவராது. "ஒரே சமதளம்" எண்டு எழுதியிருப்பினம், அதை நம்பிச் சின்னச் சக்கர வண்டியோட போகாதேங்கோ. புல்லுக்குள்ள ஆட்டுக் குளம்பு குத்தின குழி நிறைய. முன்சக்கரம் அதுக்குள்ள விழுந்து திரும்பினால் வண்டி குப்புறப் போகும். காத்தடிக்கிற பெரிய சக்கரம் இருந்தாலும், சுழலுற முன்சக்கரத்தை நேராகப் பூட்டிப்போட்டுத் தள்ளுங்கோ. பிள்ளையை முதுகில காவுற பை இருந்தால் அதுதான் நல்லது.

மழை நாலு நாள் தொடர்ந்து பெய்திருந்தால் இந்தக் கரைக்கே போக வேண்டாம். டர்வென்ட் கரை மீறினால் தண்ணி முதலில நிக்கிறது இந்தத் தாழ்ந்த புல்லுவெளியில. தண்ணி வடிஞ்ச பிறகும் ரெண்டு மூண்டு நாளுக்குச் சேறு காயாது.

தெற்கே பீலி எண்டொரு சின்ன ஊர் இருக்கு. சென் ஆன் தேவாலயமும் பழைய வீடுகளும் அழகு. அதுக்குப் போறதெண்டால் ஒற்றை வளைவுப் பாலத்தைக் கடக்க வேணும். ஒடுக்கமான பாலம், ஒரு நேரத்தில ஒரு பக்க வாகனம்தான் போகும். நடக்கிறவைக்குத் தனிப் பாதை இல்லை. பிள்ளைகளைக் கையில பிடிச்சுக்கொண்டு, ஒரு பக்கக் கார் வரிசை முழுக்கப் போன பிறகு விறுவிறெண்டு கடவுங்கோ. பாலம் தாண்டினதும் வயலுக்குள்ளால பாதை போகுது. அங்க மாடு கட்டாமல் மேயும். கன்றோட நிக்கிற பசு எண்டால் தாய்க்கும் கன்றுக்கும் நடுவால போகவே கூடாது, சுத்திப் போங்கோ.

உண்ணியைப் பற்றி ஆரும் சொல்லேல்லை. பூங்காவில மானும் ஆடும் இருக்கிறதால நீளப் புல்லிலும் பன்னத்திலும் (பெரணிச் செடி) உண்ணி இருக்கும், இலையுதிர் காலத்திலயும் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, கக்கம், பிள்ளையெண்டால் தலைமயிருக்குள்ளயும் பாருங்கோ. கடிச்சுக்கொண்டிருந்தால் நுனி கூரான சாவணத்தால தோலோட ஒட்டின இடத்தில பிடிச்சு, முறுக்காமல் நேர மேல இழுக்க வேணும். எண்ணெய் பூசுறது, நெருப்பால சுடுறது ரெண்டும் பிழை. அது வயித்தில கிடக்கிறதைக் கடிவாய்க்குள்ள கக்கிப்போடும். பிறகு சில கிழமைக்குள்ள கடிச்ச இடத்தைச் சுத்திச் சிவப்புப் படை பரவினால் டொக்டரிட்டைக் காட்ட வேணும். ஆறப்போட வேண்டாம்.

கல்வெட்டுக்காரி:

எடன்சருக்குப் போகும்போது என்ன பார்ப்பது என்று சொல்கிறேன். தெரியாமல் போனால் பத்து நிமிடத்தில் "நல்ல ஊர்" என்று சொல்லித் திரும்பிவிடுவீர்கள். முதலில் பெயர்: எழுத்தில் எடன்சர், உள்ளூர்க்காரர்கள் வாயில் "என்ஸர்". வழி கேட்கும்போது இது உதவும்.

இந்த ஊர் முன்பு மாளிகையிலிருந்து பார்த்தால் தெரியும்படி ஆற்றுப் பக்கமாக இறங்கியிருந்தது. பார்வையில் படும் வீடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். கடைசியில் மாளிகையின் உரிமையாளரான ஆறாவது டெவன்ஷயர் பிரபு 1838 முதல் 1842 வரை, தன் தோட்டத் தலைவர் ஜோசஃப் பாக்ஸ்டனை வைத்து, மேட்டுக்கு அந்தப் பக்கம் இப்போதுள்ள ஊரைக் கட்டினார். பாலத்திலிருந்து நீங்கள் ஏறி இறங்கப்போகும் அந்தச் சின்ன மேடுதான் ஊரை மறைக்கும் திரை. மேட்டின் உச்சியில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் மாளிகை, மறுபக்கம் தேவாலயக் கோபுரம். வீடு ஒன்றுகூட மாளிகைக்குத் தெரியாதபடி வைத்திருப்பது அங்கே நின்றால்தான் புரியும். சாலைக்கு இந்தப் பக்கம் பூங்காவுக்குள் தனியாக ஒரு குடிசை வீடு நிற்கும். பழைய ஊரில் மிஞ்சியது அது.

புதிய ஊரின் வீடுகளில் ஒன்று போல் இன்னொன்று இருக்காது. ஒன்று சுவிட்சர்லாந்து மலைவீடு மாதிரி, ஒன்று இத்தாலியக் கோபுரத்தோடு, ஒன்று கோட்டைச் சுவர் போல. கதவு சன்னல்களின் நீல வண்ணத்தையும் கவனியுங்கள். பக்கத்து எஸ்டேட் ஊர்களிலும் அதே நீலம் கண்ணில் படும். இந்த வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். தெருவிலிருந்து பார்க்கலாம், முன்தோட்டத்துக்குள் காலை வைக்கக் கூடாது.

புனித பீட்டர் தேவாலயம் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்தது, 1867ல் முடிந்தது. கல்லறைத் தோட்டம் சரிவில் இருக்கிறது. பாக்ஸ்டனின் கல்லறை கீழே தேவாலயத்துக்குப் பக்கத்தில், பெரியது, தவறவிட முடியாது. அம்மா அதுவரை வந்தால் போதும். மேலே டெவன்ஷயர் பிரபுக்களின் கேவண்டிஷ் குடும்பத்தார் கல்லறை வரிசை. அங்கே கேத்லீன் கென்னடியின் கல்லறை உண்டு. அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் தங்கை. இந்தக் குடும்பத்து மூத்த மகனை மணந்தவர். கணவர் 1944ல் போரில் இறந்தார், இவர் 1948ல் விமான விபத்தில் இறந்தார். அதிபர் 1963 ஜூன் 29 அன்று இங்கே வந்து நின்றார். கல்லறைக்கு முன்னால் தரையோடு தரையாகப் பதித்த ஒரு சிறு கல் அந்தத் தேதியைச் சொல்கிறது. நிமிர்ந்து நிற்கும் கல்லை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது தெரியாமலே போகும், குனிந்து பாருங்கள். அதே ஆண்டு நவம்பரில் அவரே சுடப்பட்டார்.

உங்கள் அப்பாவிடம் சொல்ல இன்னொன்று. பாக்ஸ்டன் இந்த எஸ்டேட்டின் கண்ணாடி வீட்டில் மொரீஷியஸ் வழியாக வந்த ஒரு குட்டை வாழையை வளர்த்து, அது 1835ல் பூத்தது. பிரபுவின் குடும்பப் பெயரால் அதற்குக் கேவண்டிஷ் என்று பெயர் வைத்தார்கள். இன்று இங்கே சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் மஞ்சள் பழம் அந்த இனம். நம்மூரில் மோரிஸ் பழம், பச்சை வாழை என்று வாங்குகிறோமே, அதுவும் இதே குடும்பம்தான்.

வைகைக்கரை:

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு தெளிவாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒற்றை வழி யோசனையே எனக்குத் தோன்றவில்லை. இன்னும் மூன்று சந்தேகம். மாளிகைக்குப் பின்னால் காட்டுக்குள் ஒரு கோபுரம் தெரிகிறதே, அப்பா மட்டும் ஏறலாமா? மான் பக்கத்தில் வருமா? அம்மா சேலையில் நடப்பதில் சிரமம் உண்டா?

ஆற்றோர நடையன்:

அது வேட்டைக் கோபுரம், 1580களில் கட்டியது. ஏற்றம் சுமார் 120 மீட்டர். தினமும் 4 கிலோமீட்டர் நடக்கிறவருக்கு முடியும். இரண்டு வழி இருக்கிறது: காட்டுக்குள் நேராக ஏறும் கல்படிகள், வளைந்து வளைந்து ஏறும் தார்ச்சாலை. ஏறும்போது படி, இறங்கும்போது தார்ச்சாலை. இதை மாற்றிவிடாதீர்கள். ஈர இலை படிந்த கல்படியில் ஏறுகிறவருக்கு மூச்சுத்தான் வாங்கும், இறங்குகிறவருக்குக் கால் வழுக்கும். படிகளின் உயரமும் ஒரே அளவாக இருக்காது. போய்வர ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கோபுரத்துக்குள் நுழைய முடியாது, தங்குவதற்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஆனால் அதன் அடியில் நின்றால் பூங்கா, ஆறு, எடன்சர் கோபுரம் எல்லாம் ஒரே பார்வையில் விழும்.

நேரமும் தெம்பும் இருந்தால் மேலே சமதளத்தில் ஏரிகள் இருக்கின்றன. அதில் ஒன்றிலிருந்து குழாய் வழியாக இறங்கும் தண்ணீரின் அழுத்தத்தில்தான் கீழே தோட்டத்தில் எம்பரர் நீரூற்று பீறிடுகிறது. மோட்டார் கிடையாது. 1844ல் அமைத்தது, முழு வேகத்தில் 90 மீட்டர் உயரம்வரை எழும்பக்கூடியது. ஏரிக்கும் ஊற்றுக்கும் இடையே 100 மீட்டருக்கு மேல் இருக்கும் உயர வித்தியாசம்தான் அதற்குக் காரணம். மேலே போய் வந்தவருக்கு இது சொல்லாமலே விளங்கும்.

மான் விஷயத்தில் கவனம் தேவை. செப்டம்பர் கடைசியில் செம்மான்களுக்கு இணைசேரும் பருவம் தொடங்கும். கிடாக்கள் உறுமும், ஒன்றையொன்று முட்டும், எரிச்சலோடு இருக்கும். குறைந்தது 50 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். படம் எடுக்க நெருங்க வேண்டாம், கிடாவுக்கும் பெண்மான் கூட்டத்துக்கும் நடுவில் போகவே வேண்டாம். வரைபடத்தில் தெற்கே பழைய பூங்கா என்று பாதையே இல்லாத ஒரு பகுதி தெரியும். அது மான்களுக்கும் பழைய ஓக் மரங்களுக்கும் விட்ட இடம், பொதுமக்கள் நுழையக் கூடாது.

வரைபடம் வாங்குவதாக இருந்தால் ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் ஓஎல்24. அதில் பச்சைக் கோடு என்றால் நடக்க உரிமை உள்ள பாதை என்று மட்டும்தான் பொருள், சுலபமான பாதை என்று பொருளில்லை. எடன்சரிலிருந்து பேக்வெலுக்கும் பச்சைக் கோடு போகிறது. காகிதத்தில் 4 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் ஒரு மலைமுதுகைத் தாண்டி, மறுபக்கம் காட்டுக்குள் செங்குத்தாக இறங்கி, கோல்ஃப் மைதானத்தின் குறுக்கே போக வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு அது வேண்டவே வேண்டாம். உயரக் கோடுகள் நெருங்கி நின்றால் சரிவு என்று பார்த்துக்கொள்ளுங்கள், தூரம் அப்புறம்.

கல்வெட்டுக்காரி:

சேலைக்குப் பதில் நான் சொல்கிறேன். கெட்டித்தடத்தில் சேலை பிரச்சினையே இல்லை, புல்லில்தான். செப்டம்பர் கடைசியில் காலைப் பனி 11 மணிவரைகூடப் புல்லில் நிற்கும். சேலைக் கரையும் உள்பாவாடையும் நனைந்து கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டால் குளிர் ஏறும், காலடியும் சுருங்கும். அந்தச் சுருங்கிய அடியில்தான் தடுக்கும். சுடிதாரும் கணுக்கால் மூடிய ஷூவும் நல்லது. சேலைதான் என்றால் நாலு விரல் தூக்கிக் கட்டி, உள்ளே கம்பளி லெக்கிங்ஸ் போடட்டும். செருப்பு வேண்டாம், ஆட்டுப் புழுக்கை எங்கும் கிடக்கும்.

முழங்காலுக்கு இரண்டு ஊன்றுகோல் வாங்குங்கள், ஒன்று போதாது. சமதளத்தில் முழங்கை செங்கோணமாக மடியும் உயரம் வையுங்கள். எடன்சர் மேட்டில் இறங்கும்போது 5 சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள். கோலை முன்னால் ஊன்றிய பிறகு காலை வைத்தால், பாரத்தில் ஒரு பங்கு கைக்குப் போகும்.

கொக்குவில் காற்று:

ஒண்டு விட்டுப்போச்சு. டார்பிஷயரில வேலிக் கடவை கல்லாலதான் கூடுதலாக இருக்கும். ரெண்டு நெட்டைக் கல்லை நெருக்கி நட்டு, நடுவில ஒரு கால் மட்டும் நுழையிற இடைவெளி விடுவினம். கீழ ஒடுக்கம், மேல அகலம். ஆள் பக்கவாட்டில திரும்பி நுழையலாம், ஆடு நுழையாது. முதுகுப்பையோட நுழைஞ்சால் மாட்டும், முதலே கழட்டிக் கையில பிடியுங்கோ. நீங்கள் போற பாஸ்லோப் பாதையில இது வராது. வயல் வழியாக பீலி, பில்ஸ்லிப் பக்கம் போனால் எதிர்பார்க்கலாம்.

செப்டம்பர் முதல் வாரக் கடைசியில பூங்காவில பெரிய நாட்டுப்புறச் சந்தை நடக்கிறது வழக்கம். அந்த நாட்களில றோட்டு இறுகிப்போகும், பஸ்ஸும் பிந்தும். நீங்கள் கடைசி வாரம் எண்டபடியால் தப்பியாச்சு.

ஆற்றோர நடையன்:

நேரக் கணக்கு. அந்த வாரம் சூரியன் 7 மணிக்குச் சற்று முன்னால் மறையும். மரத்தடியில் அதற்கும் அரைமணி முன்பே மங்கிவிடும். காலை 10 மணி வாக்கில் மாளிகையில் இறங்குங்கள். அப்பா கோபுரம் ஏறி வரும்வரை அம்மாவும் குழந்தையும் பழைய குதிரை லாயத்தில் இருக்கும் சிற்றுண்டிச் சாலையில் உட்காரலாம். 12 மணிக்கு எடன்சர் கிளம்பிப் போய், திரும்பும்போது பாலத்துக்குப் பக்கத்தில் ஆற்றோரம் விரிப்புப் போட்டுப் புளியோதரை சாப்பிடலாம். விரிப்பின் அடிப்பக்கம் ஈரம் ஏறாத வகையாக இருக்கட்டும். சாப்பாட்டு மிச்சத்தை அங்கே விட வேண்டாம், ஆடு தின்றால் வயிறு உப்பும். 2 மணிக்குக் கிளம்பினால் நிதானமாக நடந்தும் மூன்றரைக்கு பாஸ்லோ.

ஷெஃபீல்டு பஸ் வர நேரம் இருந்தால் ஊருக்குள் புனித ஆன் தேவாலயம்வரை போய் வாருங்கள். பஸ் நிறுத்தும் நெதர் எண்டிலிருந்து சிறிது தூரம் நடக்க வேண்டும். அதன் கோபுரக் கடிகாரத்தின் ஒரு முகத்தில் 1 முதல் 12 வரையான வழக்கமான எண்கள் இல்லை. விக்டோரியா என்ற ஆங்கிலப் பெயரின் 8 எழுத்தும், 1897 என்ற 4 இலக்கமும் சேர்ந்து 12 மணிகளாக நிற்கின்றன. அரசியின் 60ஆம் ஆண்டு விழாவுக்கு வைத்தது. பக்கத்திலேயே 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய பழைய கல்பாலமும், அதன் முனையில் காவலாளி குனிந்து நுழையும் அளவுக்குச் சின்னதாகக் கல்லால் கட்டிய காவல் அறையும் இருக்கிறது. பஸ் நேரத்தை முந்தின நாள் இரவே பார்த்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு. கடைசி பஸ்ஸை நம்பாமல் அதற்கு முந்தைய பஸ்ஸைப் பிடிக்கும்படி கிளம்புங்கள்.